சித்தப்பாவோட சைட் இன்னும் ஓடுது

நான்: எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க வாங்க. பழைய மெயில்ல எதையோ தேடப் போய் சித்தப்பா வெப்சைட் லிங்க் சிக்குச்சு, சும்மா தட்டிப் பார்த்தா திறக்குது!!

குட்டி: அப்பாவுக்கு வெப்சைட் இருக்கா???

நான்: இருக்குடி. கருப்பு பேக்ரவுண்ட் பூரா நட்சத்திரம், மேல நல்வரவுன்னு ஒரு படம் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடுது, கீழ மஞ்சத் தொப்பி போட்ட ஆளு மண்வெட்டிய வச்சு தோண்டிக்கிட்டே இருக்காரு. கடைசில 2003ன்னு போட்டிருக்கு. மத்த எழுத்து ஒண்ணும் புரியல, எல்லாத்துக்கும் தலையில புள்ளியும் கூரையும்

குட்டி: ஐயோ ஹேக் பண்ணிட்டாங்களா

சித்தப்பா: ஹேக்கும் இல்ல ஒண்ணும் இல்ல கண்ணு, அது தமிழ்தான். அப்போ எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் நம்ம கம்ப்யூட்டருக்கெல்லாம் சரியா வந்து சேரல, திஸ்கின்னு ஒரு முறையில அடிப்போம். அதுக்குன்னு உள்ள ஃபான்ட் போட்டிருந்தாதான் தமிழாத் தெரியும், இல்லன்னா பிரவுசர் அத ஏதோ ஐரோப்பிய எழுத்துன்னு நெனச்சுக்கும்

சித்தப்பா: இன்னொண்ணு, 'கொ'ன்னு சேமிக்கணும்னா திஸ்கியில முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், கையால எழுதுற வரிசை அப்படியே. யூனிகோட்ல க முதல்ல வரும். எனக்கு அந்தப் பழைய வரிசை மேல இன்னும் ஒரு பிரியம் உண்டு

அண்ணா: சித்தப்பா இந்த வீக்எண்ட் நான் ஃப்ரீ. வேர்ட்பிரஸ்னு சைட் கட்டுற சாஃப்ட்வேர்ல மாத்தி, மொபைலுக்கு ஏத்த மாதிரி புதுசா டிசைன் பண்ணித் தரேன்

அத்தை: டேய் அதுல கைய வைக்காத

சித்தப்பா: அக்கா சொன்னதுதான் என் பதிலும். நான் இத நோட்பேட்ல ஒவ்வொரு வரியா அடிச்சேன்டா. டேட்டாபேஸ் கிடையாது, பிளகின் கிடையாது, அதனாலதான் யாரும் தொடாமலே இத்தன வருஷம் நிக்குது. அப்போ ஃபிளாஷ்னு அனிமேஷன் பண்ற சாஃப்ட்வேர்ல பண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க, பண்ணியிருந்தா 2020 டிசம்பர் 31ஓட அடோபி சப்போர்ட்ட நிறுத்தினப்போ கதை முடிஞ்சிருக்கும். முதல்ல ஜியோசிட்டீஸ்னு இலவசமா இடம் குடுத்த சைட்லதான் இருந்துச்சு, அத யாஹூ 2009ல மூடுறதுக்கு முன்னாடியே ஃபைல எல்லாம் இறக்கி ஃப்ரெண்டு சர்வர்ல ஒரு ஓரமா போட்டேன், அவன் நல்லா இருக்கணும்

குட்டி: அப்பா அந்த நல்வரவு இன்னும் எப்படி ஓடுது??

சித்தப்பா: அது மார்க்கீ, பக்கத்துல இருக்கறத ஓட வைக்கிற எச்டிஎம்எல் கட்டளை. யாரும் இப்ப யூஸ் பண்ணக் கூடாதும்பாங்க ஆனா எல்லா பிரவுசரும் இன்னும் ஓட்டுது. மின்னுற எழுத்தும் வச்சிருந்தேன், அதுக்கு பிளிங்க்னு பேரு, நெட்ஸ்கேப்னு பழைய பிரவுசர் கொண்டு வந்தது. ஃபயர்ஃபாக்ஸ்ல 2013ல எடுத்துட்டாங்க, இப்ப சும்மா நிக்கும்

அண்ணா: வருகை எண்ணிக்கை இருந்த இடத்துல ஒடஞ்ச படம்தான் வருது

சித்தப்பா: அது வேற ஒருத்தர் சர்வர்ல இருந்து வர்றது. நம்ம கையில இருந்தது எல்லாம் பொழச்சுக்கிச்சு, வெளிய இருந்து இழுத்தது மட்டும் போச்சு

நான்: இருங்க இருங்க, திஸ்கிய யூனிகோடா மாத்துற கன்வெர்ட்டர் ஒண்ணு கெடச்சுச்சு. விருந்தினர் பதிவுன்னு ஒரு பக்கம் இருக்கு, அத போட்டுப் பார்த்தேன். முதல் பதிவே அத்தை 😂

நான்: "தம்பி, பக்கம் அழகாக உள்ளது. எழுத்து ஓடிக்கொண்டே இருப்பதால் படிக்க இயலவில்லை. நிறுத்தவும். சாப்பிட்டாயா?"

அத்தை: அட ஆமா நான்தான்!! ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து அந்த ரெண்டு வரி அடிக்கறதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு. இன்னும் நிறுத்தல பாரு இவன்

சித்தப்பா: நிறுத்த மாட்டேன்க்கா, வேணும்னா ஸ்பீட கொறைக்கிறேன், ஒரே ஒரு நம்பர்தான் மாத்தணும்

அண்ணா: சரி டிசைன தொடல. ஆனா மேல "பாதுகாப்பற்றது"ன்னு காட்டுது, குரோம்ல 2018ல இருந்து என்க்ரிப்ட் பண்ணாத எச்டிடிபி சைட் எல்லாத்துக்கும் அப்படித்தான். லெட்ஸ் என்க்ரிப்ட்ல சர்ட்டிஃபிகேட் இலவசம், அத மட்டும் போட்டுத் தரவா? பக்கம் அப்படியேதான் இருக்கும்

சித்தப்பா: அது செய்டா ராஜா. யூனிகோட்ல ஒரு காப்பியும் பக்கத்துல வை, பழசு பழசாவே இருக்கட்டும். செர்ன்னு ஐரோப்பாவுல ஒரு ஆராய்ச்சி மையம், அங்க 1991ல போட்ட உலகத்தோட முதல் வெப்சைட்டையே 2013ல தேடிப் புடிச்சு அதே அட்ரஸ்ல மறுபடி வச்சாங்க, நாம நம்மளோடத வச்சுக்க மாட்டமா

நான்: பழைய வெப்பக்கங்கள சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்லயும் சேமிச்சுட்டேன் சித்தப்பா. ஃப்ரெண்டு சர்வர் படுத்தாலும் அங்க ஒரு காப்பி இருக்கும்

அத்தை: அந்த தோண்டுற ஆளு?

சித்தப்பா: தோண்டட்டும். வேலை முடியலையே

குட்டி: அப்பா விருந்தினர் பதிவுல எனக்கும் எழுதணும், திஸ்கியிலதான் எழுதுவேன்

சித்தப்பா: அடிச்சு அனுப்பு கண்ணு, நான் அத்தை பதிவுக்குக் கீழயே கையால சேர்க்கிறேன். அதுக்கு முன்னாடி சர்வர்ல ஃபைல் ஏத்துற எஃப்டிபி பாஸ்வேர்டு வேணும், பீரோ மேல இருக்கற நீலக் கலர் டைரிய கொஞ்சம் எடுத்துட்டு வா