ஒரே ஒரு செமஸ்டருக்குப் பின்லாந்து வருகிறீர்களா?

"அக்கா, எக்ஸ்சேஞ்சில் பின்லாந்து கிடைத்திருக்கிறது, என்னென்ன செய்யணும்?" என்று கேட்டு இந்த வருடமும் ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அடித்து அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

நான் முதலில் வந்தது எக்ஸ்சேஞ்ச் என்கிற மாணவர் பரிமாற்றத்தில்தான், டாம்பெரே நகரத்துக்கு, நான்கே மாதம். பிறகு முதுகலைக்கு மறுபடி இங்கேயே வந்தேன். இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், இணையத்தில் கிடைக்கும் பின்லாந்து அறிவுரையில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அதெல்லாம் இரண்டு, மூன்று வருடம் தங்கப்போகிறவர்களுக்கு எழுதியது. வங்கிக் கணக்கு, கேலா என்கிற சமூகக் காப்பீட்டு நிறுவனம், நகராட்சிப் பதிவு என்று அவர்கள் போடும் பட்டியலைப் பார்த்து நீங்களும் அலைந்தால், அலைச்சல் முடியும்போது ஊருக்குக் கிளம்பும் நாள் வந்திருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

வங்கியில் பட்டதைச் சொல்கிறேன். வந்த முதல் வாரமே ஒரு வங்கிக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் கொடுத்தார்கள். அன்று போனால் இன்னொரு கடிதம் வேண்டும் என்றார்கள். கணக்கு திறந்து கைக்கு வந்தபோது நவம்பர். டிசம்பரில் நான் விமானம் ஏறிவிட்டேன்! இங்கே வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கு வங்கியின் நுழைவுக் குறியீடு உயிர்நாடி, ஏனென்றால் அரசு இணையதளம் முதல் மருத்துவமனை வரை அதை வைத்துத்தான் உள்ளே போக முடியும். நான்கு மாதத்துக்கு வருகிறவர்களுக்கு வெளிநாட்டில் செல்லும் கார்டு இரண்டு இருந்தால் போதும். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று. பேருந்து முதல் சந்தைக் கடை வரை எல்லாம் கார்டுதான், ரொக்கத்தைத் தொடவே வேண்டியிருக்காது.

சரி, முதலிலிருந்து வருகிறேன். 90 நாளுக்கு மேல் தங்குவதென்றால் விசா போதாது, குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பிப்பது 'என்டர் ஃபின்லாந்து' என்ற இணையதளத்தில், முடிவெடுப்பது மிக்ரி என்கிற குடிவரவுத் துறை. கையில் காட்ட வேண்டிய பணம் மாதத்துக்கு 800 யூரோ. 2024 நவம்பர் வரை அது 560 ஆக இருந்தது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, விண்ணப்பிக்கும் வாரத்தில் அப்பாவிடம் ஓடாதீர்கள்.

அதைவிட அதிகம் பேர் சறுக்குவது காப்பீட்டில். இரண்டு வருடத்துக்குக் குறைவாகப் படிக்க வருகிறவர்களின் காப்பீடு 1,20,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ என்றால் 40,000 போதும். குறைவாகத் தங்குகிறவர்களுக்குத்தான் அதிகம், தலைகீழாகத் தெரிகிறதல்லவா? நீண்ட நாள் தங்குகிறவர்கள் இங்குள்ள பொது மருத்துவ ஏற்பாட்டுக்குள் வந்துவிடுவார்கள், நீங்கள் வர மாட்டீர்கள். உங்கள் சீனியர்கள் புகழும் மாணவர் மருத்துவ சேவை இருக்கிறதே, ஒய்டிஹெச்எஸ், அது பட்டப்படிப்பு மாணவர்களுக்கானது, எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு இல்லை. அதனால் காப்பீட்டைப் பேருக்கு எடுக்காதீர்கள். பத்திரத்தின் சின்ன எழுத்தையும் படியுங்கள். சிகிச்சைச் செலவில் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை 300 யூரோவைத் தாண்டக் கூடாது. பல் வலி, கண்ணாடி எல்லாம் ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். அவசரம் என்றால் 112. அவ்வளவு அவசரமில்லை, ஆனால் ராத்திரியில் காய்ச்சல் ஏறுகிறது, போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 116117 என்ற எண்ணில் நர்ஸிடம் கேட்கலாம்.

வீட்டுக்கு, சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். ஊருக்கு ஒரு மாணவர் வீட்டு அறக்கட்டளை இருக்கிறது. ஹெல்சிங்கியில் ஹோஅஸ், டாம்பெரேயில் தோஅஸ், ஓலுவில் ப்சோஅஸ். சாமான் போட்ட அறை என்று தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் நான்கு சுவரும் ஒரு சன்னலும்தான் கிடைக்கும். கட்டில், போர்வை, விளக்கு என்று வாங்கி டிசம்பரில் யாருக்காவது தானம் செய்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். சாவியை வாங்கும் அலுவலகம் சனி ஞாயிறு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மறுநாள் காலை வரை பெட்டியோடு எங்கே உட்காருவது?

டாம்பெரே வருகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து ஹெல்சிங்கிக்குள் போய்த் திரும்ப வேண்டாம். வளைய ரயிலில் திக்குரிலா நிலையத்தில் இறங்கினால் வடக்கே போகும் ரயில்கள் அங்கேயே நின்று போகும். டிக்கெட்டை முன்கூட்டியே போட்டால் விலை பாதிக்குக்கூட இறங்கும்.

ஊரிலிருந்து என்ன கொண்டு வருவது? நம்ம அம்மாக்கள் கட்டும் மூட்டையைக் கொஞ்சம் தடுத்துத்தான் ஆக வேண்டும். மூன்று முள் பிளக் இங்கே உள்ளே போகாது, ஆனால் சாதாரண இரண்டு முள் போன் சார்ஜர் போகும். மாற்றுப் பிளக் இரண்டு வாங்கி வையுங்கள். குக்கர் கொண்டு வரும் முன் அறையில் என்ன அடுப்பு என்று கேளுங்கள், இண்டக்ஷன் என்றால் அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. குளிருக்குச் சென்னையில் பெரிய ஜாக்கெட் வாங்காதீர்கள். நான் ஆறாயிரம் கொடுத்து வாங்கியது அக்டோபரிலேயே தோற்றது. உள்ளே போடும் தெர்மல் மட்டும் அங்கே வாங்கலாம். மேலே போடுவதை இங்கே வாங்குங்கள். கிர்ப்புதோரி என்று பழைய சாமான் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே பின்லாந்துக்காரர்கள் பத்து குளிர்காலம் போட்ட ஜாக்கெட் நம்முடைய புதுசைவிட நன்றாக உழைக்கும்.

வந்ததும் வாங்க வேண்டிய முதல் பொருள் ஹெய்யஸ்தின், அதாவது வெளிச்சம் பட்டால் மின்னும் சின்ன பிரதிபலிப்பான். சில யூரோதான், கோட்டில் தொங்கவிட வேண்டும். குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்தேன். இருட்டில் நடப்பவர்கள் இதை மாட்டியிருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. டிசம்பர் நடுவில் டாம்பெரேயில் காலை ஒன்பதரைக்கு மேல்தான் விடியும், மாலை மூன்று மணிக்கு இருட்டிவிடும். ஆனால் எல்லோரும் பயமுறுத்தும் டிசம்பரைவிட நவம்பர்தான் கொடுமை. பனி இன்னும் விழுந்திருக்காது, எல்லாம் கறுப்பும் ஈரமுமாகக் கிடக்கும். பனி விழுந்த பிறகு தெருவிளக்கு வெளிச்சமே ஊரைத் தூக்கிக் கொடுத்துவிடும். நவம்பரில் காரணமில்லாமல் அழுகை வந்தால் அது உங்கள் குணம் மாறியதால் அல்ல. பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே ஒரு நடை போங்கள். விட்டமின் டி மாத்திரை எந்தக் கடையிலும் கிடைக்கும், உள்ளூர்க்காரர்களே விழுங்குகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதத்தான் எனக்குப் பிடிக்கும். மதியம் கல்லூரி உணவகத்தில் சாப்பிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மாணவர் சாப்பாட்டுக்கு அரசு மானியம் உண்டு, அட்டையைக் காட்டினால் ஏறக்குறைய மூன்று யூரோவில் தட்டு நிறையும். கறியோ பருப்போ ஒன்று, உருளைக்கிழங்கோ சோறோ ஒன்று, சாலட், ரொட்டி, பால் எல்லாம் அதற்குள். அந்த விலைக்கு வெளியே ஒரு காபிகூடக் கிடைக்காது. மாணவர் சங்கத்தில் சேருவது எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் அட்டை, ரயில் தள்ளுபடி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கட்டணம் ஒரு மாதத்தில் திரும்பிவிடும். வியாழக்கிழமை பல உணவகங்களில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் போடுவார்கள், அது இந்த நாட்டு வழக்கம். சூப்பில் பன்றிக்கறி கிடக்கும். சைவக்காரர்கள் வேகன் பாத்திரம் எது என்று பார்த்து எடுங்கள். பலகையில் 'எல்' என்று எழுதியிருந்தால் லாக்டோஸ் இல்லை என்றுதான் அர்த்தம், சைவம் என்று அல்ல.

வீட்டில் சமைக்க, பெரிய கடையில் பிமா என்று ஒன்று கேளுங்கள். பீமனை நினைத்துக்கொண்டு முதல் எழுத்தை நீட்டிச் சொல்லுங்கள், பீமா. அது மோர். பெட்டியைப் பார்த்து பால் என்று காபியில் ஊற்றிய பிறகுதான் எனக்கு இந்த ஞானம் வந்தது. உப்பும் பெருங்காயமும் போட்டால் சரியாக நம்ம மோர். பூரோரீசி என்ற பெயரில் விலை குறைவாகக் கிடக்கும் அரிசி சோற்றுக்கு ஆகாது, குழைந்து கூழாகிவிடும். பொங்கலுக்கு அதைவிட நல்லது கிடையாது. சிவப்பு மைசூர்ப் பருப்பு எல்லாக் கடையிலும் உண்டு. துவரம்பருப்பு, இட்லி அரிசி, கறிவேப்பிலைக்கு ஆசியக் கடைதான், ஹெல்சிங்கியில் ஹாகனியெமி பக்கம் போனால் வரிசையாக இருக்கும்.

தாளிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. வந்த இரண்டாம் வாரம் மிளகாய் வற்றலைக் கொஞ்சம் கருக விட்டேன். கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. பக்கத்து அறைப் பையன் சாக்ஸோடு வந்து நின்று, "எல்லாம் நலமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டான். நலம் என்றேன். போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் பேசவில்லை. அது கோபம் என்று நினைத்துக் குமைந்தேன், கோபமே இல்லை. இங்கே அவசியமில்லாமல் பேசாமலிருப்பது மரியாதை. டிசம்பரில் அவன்தான் என் பெட்டியை ரயில் நிலையம் வரை இழுத்து வந்தான்.

வகுப்பைப் பற்றி. 10 மணி என்று போட்டிருந்தால் பல இடங்களில் 10.15க்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி நேரம் பழைய பல்கலைக்கழக வழக்கம். ஆனால் எல்லா ஆசிரியரும் அப்படியில்லை, முதல் வகுப்புக்குப் பத்துக்கே போய்விடுங்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவே இல்லை. மூன்று மாதம் பெயரும் சொல்லாமல் சாரும் சொல்லாமல் "எக்ஸ்க்யூஸ் மி" என்றே ஓட்டினேன்.

ஒரு கிரெடிட் என்றால் சுமார் 27 மணி நேர வேலை. ஐந்து கிரெடிட் பாடம் 135 மணி. வகுப்பு வாரத்துக்கு இரண்டு தடவைதானே என்று ஆறு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள், மீதி நேரம் நீங்களே படிக்க வேண்டியது. பாடத்துக்கும் தேர்வுக்கும் 'சிசு' (Sisu) போன்ற பல்கலைக்கழக இணையதளத்தில் பதிய வேண்டும். தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டுமா என்று பாடத்துக்குப் பாடம் பாருங்கள், பதியாமல் போனால் உள்ளே விட மாட்டார்கள். மதிப்பெண் 0 முதல் 5 வரை. தவறினால் மறுதேர்வு உண்டு, ஆனால் அது நடக்கும்போது நீங்கள் மதுரையில் இருப்பீர்கள். அதனால் முதல் வாரத்திலேயே ஆசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள்: இன்ன தேதி கிளம்புகிறேன், அதற்குள் எல்லாம் முடியுமா? நேராகக் கேட்டால் நேராகப் பதில் வரும். இங்கே சுற்றி வளைத்தால்தான் புரியாது.

இங்கே எடுக்கும் பாடம் ஊரில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் பாட மாற்றுப் பட்டியலில் ஊர்க் கல்லூரித் துறைத் தலைவரின் கையெழுத்தை வரும் முன்பே வாங்குங்கள். இங்கே வந்து ஒரு பாடம் மாறினால் அன்றைக்கே மின்னஞ்சலில் ஒப்புதல் கேளுங்கள். திரும்பிப் போய்க் கெஞ்சியவர்கள் கதை எனக்குத் தெரியும், அதில் ஒருத்தி நான்.

மொழியும் ஒரு பாடமாக எடுங்கள். பின்னிஷ் கஷ்டம் என்பார்கள், நமக்கு அவ்வளவில்லை. துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். குறிலும் நெடிலும் ஒற்றும் மாறினால் பொருள் மாறும் என்பது நமக்குப் பள்ளிப் பாடம். வகுப்பில் மற்றவர்கள் மூன்றையும் ஒரே மாதிரி சொல்லித் திணறினார்கள். தலொ வீடு, தலொஸ்ஸ வீட்டில், தலொஸ்த வீட்டிலிருந்து. வேற்றுமை உருபு சேர்ந்துகொண்டே போகிறது, அவ்வளவுதான்.

சவுனா என்கிற வெப்பக் குளியல் அறை பற்றி எல்லோரும் கூச்சத்தோடு கேட்கிறீர்கள். ஆண் பெண் தனித்தனியாக இருக்கும் இடத்தில் துணியில்லாமல்தான், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முடியாதென்றால் இரு பாலரும் நீச்சலுடையில் போகும் பொதுச் சவுனாவுக்குப் போங்கள். டாம்பெரேயில் ரௌஹனியெமி ஏரிக்கரையில் அப்படி ஒன்று உண்டு. உள்ளே வெந்துவிட்டு ஏரியில் இறங்கும் அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் யாருக்கும் சரியாக விவரித்ததில்லை.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவார்கள் என்பது அம்மாவுக்குச் சொல்ல நல்ல செய்தி. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். காலி பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், கடை வாசல் எந்திரத்தில் போட்டால் பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 40 சென்ட் திரும்பும்.

ஜனவரியில் வருகிறவர்கள் கேட்டதற்கு: ஆமாம், இருட்டிலும் பனியிலும்தான் இறங்குவீர்கள், ஆனால் ஒவ்வொரு நாளும் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும், மே ஒன்றாம் தேதி வாப்பு திருவிழா உங்களுக்குத்தான் கிடைக்கும். முந்திய எக்ஸ்சேஞ்ச் கூட்டம் டிசம்பர் கடைசியில் கிளம்பும்போது போர்வை, பாத்திரம், சைக்கிள் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளும். மாணவர் குழுக்களில் இப்போதே சேர்ந்து, யாரிடமாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். என் குக்கர்கூட அப்படித்தான் ஒரு கொலம்பியாப் பெண்ணிடம் போனது. விசில் வந்தால் பயப்படாதே என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.