வகுப்பறையில் காணொளி காட்டுவது: ஊடகப் பிரிவு மறுப்பது சரியா?

கோலாலம்பூர் விரிவுரையாளர்:
வணக்கம். தனியார் கல்லூரியொன்றில் மலாயாத் தமிழர் வரலாறு கற்பிக்கிறேன். 1946இல் தொடங்கப்பட்ட அரசுத் திரைப்படப் பிரிவான மலாயன் ஃபிலிம் யூனிட்டின் பழைய செய்திப்படங்களில் சில நிமிடங்களைக் காட்டினால், பக்கம் பக்கமாக விளக்கியும் விளங்காத தோட்ட வாழ்க்கை மாணவர்களுக்கு விளங்கிவிடுகிறது. இப்போது நெட்ஃபிளிக்ஸில் உள்ள ஓர் ஆவணப்படத்தையும் காட்ட விரும்பினேன். எங்கள் ஊடகச் சேவைப் பிரிவு, சொந்தக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று காரணம் கூறாமலே மறுத்துவிட்டது. கற்பித்தலுக்குச் சட்டம் இடம் தருவதாக அறிகிறேன். பிறகு ஏன் இந்தத் தடை?

பினாங்கு நூலகர்:
வணக்கம் அம்மா. தாங்கள் அறிந்தது சரியே. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், கற்பித்தலுக்கு விளக்கமாக ஒரு படைப்பைச் சேர்த்துக் காட்ட இடம் தருகிறது. பயன்பாடு நியாயமான அளவில் இருக்க வேண்டும், மூலத்தையும் படைப்பாளர் பெயரையும் குறிப்பிட வேண்டும். நுழைவுக் கட்டணமும் இலாபமும் இல்லாமல், அமைச்சரின் ஆணையில் குறிக்கப்பட்ட கல்வி நிறுவனங்கள் பொதுநலன் கருதிக் காட்டுவதற்கும் அதே பிரிவு வழி செய்கிறது. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் கணக்கைத் திறக்கும்போது நாம் ஏற்றுக்கொள்ளும் நிபந்தனைகள் வேறு. அவை தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இசைவு தருகின்றன. சட்டம் தடுக்காத ஒன்றை ஒப்பந்தம் தடுக்கலாம் என்பதுதான் தங்கள் ஊடகப் பிரிவின் தயக்கத்துக்குக் காரணமாக இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் சொந்த ஆவணப்படங்கள் சிலவற்றைக் கல்வி நோக்கில் ஒருமுறை திரையிட அனுமதிக்கிறது. அந்த அனுமதிக் குறிப்பு படத்தின் விவரப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை அச்சிட்டு விண்ணப்பத்துடன் இணைத்துக் கொடுங்கள்.

வளாக ஊடகப் பிரிவில் பணியாற்றுபவர்:
சட்டம் ஒருபுறமிருக்க, எங்களை அதிகம் அலைக்கழிப்பது கருவிகள்தான். கட்டணச் சேவைகளின் படங்கள் படியெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி என்னும் பாதுகாப்புடன் வருகின்றன. வகுப்பறையிலுள்ள பழைய புரொஜெக்டர் அதை ஏற்காவிட்டால், மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுத்துப்போகும், சில வேளைகளில் ஒலி மட்டும் கேட்கும். டிவிடி என்றாலும் சிக்கல் உண்டு: டிவிடி விற்பனைக்காக உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; மலேசியா 3ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். சென்னையிலிருந்து வாங்கிவந்த வட்டு மண்டலப் பூட்டு உடையதாக இருந்தால் இங்குள்ள கருவியில் ஓடாது. ஆகவே படத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பாமல், மூலம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த அறை, வசன வரிகள் எந்த மொழியில் வேண்டும் என்பனவற்றையும் எழுதினால், அதே அறையில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க முடியும்.

பினாங்கு நூலகர்:
அம்மா, முழுப் படத்தையும் ஓட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். இரண்டு மணி நேர வகுப்பில் படம் முடிந்ததும் மணி அடித்துவிட்டால், பார்த்ததைப் பற்றிப் பேச நேரம் எங்கே? பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் காட்சியோ கூலிக் கணக்குக் காட்சியோ, ஒன்றைத் தேர்ந்து, நிறுத்தி, கேள்வி கேட்டு, மீண்டும் ஓட்டுங்கள். நியாயமான அளவு என்ற நிபந்தனையும் அப்போது எளிதில் நிறைவேறும்.

கோலாலம்பூர் விரிவுரையாளர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விவரப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தேவையான பகுதிகளின் நேரங்களைக் குறித்து மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். செய்திப்படங்களின் நல்ல பிரதிகளுக்கு தேசிய ஆவணக் காப்பகமான ஆர்கிப் நெகாராவை அணுகலாமா?

பினாங்கு நூலகர்:
அணுகுங்கள். எந்தப் பகுதி, எந்தப் பாடத்துக்கு என்பதை விளக்கும் கல்லூரிக் கடிதத்துடன் சென்றால் பேச்சு எளிதாகும்.