கடன் நோட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்த எந்த மொழி? சி-யா, பைதானா?

பெகுபையன்:
பள்ளிப் படிப்பு முடிஞ்சாச்சு. அண்ணனோட பழைய லேப்டாப் இருக்கு: விண்டோஸ், 4 ஜிபி ராம், பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். கரண்ட் எப்ப வரும், எப்ப போகும்னு உங்களுக்கே தெரியும். டேட்டாவும் விலை. மாமா பலசரக்குக் கடை வச்சிருக்கார், அவர் கடன் நோட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு ஆசை. புரோகிராமிங் சுத்தமா தெரியாது. முதல்ல எந்த மொழி?

மோல்மேன்காரன்:
சி. வேற பேச்சே வேணாம் தம்பி. 1970கள் தொடக்கத்துல பெல் ஆய்வகத்துல டென்னிஸ் ரிட்சி உருவாக்கினது, லினக்ஸ் இயங்குதளத்தோட மையப் பகுதியான கெர்னல் இன்னைக்கும் பெரும்பாலும் அதுலதான். டேட்டா கவலைன்னா, எழுதினதை இயந்திர மொழிக்கு மாத்தற டைனி சி கம்பைலர் ஒரு எம்பி கூட வராது.

ரங்கூன்அக்கா:
அண்ணே, பையன் கேட்டது கடன் நோட்டு. நீங்க கெர்னலைக் காட்டுறீங்க. சி-ல ஒரு எண்ணை வாங்க ஸ்கேன்எஃப்-ங்கற கட்டளை எழுதறப்ப, அந்த எண்ணை வைக்கற மாறிக்கு முன்னாடி ஒரு ஆம்பர்சண்ட் (&) குறி விட்டுப்போனா போதும், புரோகிராம் பொத்துன்னு விழுந்துடும். எந்த வரி, என்ன தப்புன்னு சொல்லாது. புதுசா வர்றவன் அன்னைக்கே மூட்டை கட்டிடுவான். பைதான் எந்த வரின்னு சொல்லிட்டுத்தான் நிக்கும். இறக்கற நிறுவி ஃபைல் 30 எம்பிக்குள்ள முடிஞ்சிடும், நிரல் எழுதற ஐடில் எடிட்டரும் அதுக்குள்ளயே இருக்கு. அப்புறம் நெட்டே வேணாம்.

மோல்மேன்காரன்:
எச்சரிக்கையைத் திறந்து வச்சு ஓட்டினா ஜிசிசி-ங்கற இன்னொரு சி கம்பைலர் அந்தத் தப்பைச் சொல்லிடும்.

ரங்கூன்அக்கா:
நீங்க இறக்கச் சொன்ன டைனி சி சொல்லாதே!

மோல்மேன்காரன்:
சரி, நான் ஒண்ணு கேக்கறேன். பைதான்ல ஒரு பட்டியலை ஏ-ன்னு வைங்க. பி = ஏ-ன்னு எழுதிட்டு பி-ல ஒரு எண்ணைச் சேருங்க. ஏ-வும் மாறிடும். ரெண்டு பேரும் சுட்டறது ஒரே இடத்தைத்தான். நினைவகம்னா என்னன்னு தெரியாத பையன் முதலியார் கடன்ல எழுதினது செட்டியார் கணக்குல எப்படி வந்துச்சுன்னு விடிய விடிய முழிப்பான். சி-ல சுட்டி, அதாவது நினைவக இடத்தைக் காட்டற மாறி, படிச்சவன் பார்த்த உடனே சொல்லிடுவான்.

ரங்கூன்அக்கா:
நல்ல கேள்விதான். ஆனா அதைப் பைதான்லயே, அந்த இடம் வர்றப்ப, ஒரு தாள்ல ரெண்டு அம்பு போட்டு விளக்கிடலாம். அதுக்காக ஆறு மாசம் சி-யா?

சிரியம்வாசி:
உங்க சண்டையில பையன் தூங்கிடுவான். ஜாவாஸ்கிரிப்ட் படி தம்பி. எதையும் இறக்க வேணாம், பிரவுசர் இருக்கு, எஃப்12 அழுத்தினா எழுதற இடம் திறக்கும், எழுது. மாமா போன்லயும் பக்கம் திறக்கும்.

ரங்கூன்அக்கா:
ஜாவாஸ்கிரிப்ட்ல, பெட்டியில தட்டற எண் எழுத்தாத்தான் வரும். 5-ஐத் தட்டி அதோட 3-ஐக் கூட்டினா 53-ன்னு காட்டிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிட்டே இருக்கும். பைதான்லயும் எழுத்தாத்தான் வரும், ஆனா எழுத்தோட எண்ணைக் கூட்டப் போனா பிழைன்னு நிறுத்திடும். கடன் கணக்குக்கு எது நல்லது?

சிரியம்வாசி:
நம்பர்னு மாத்திட்டுக் கூட்டினா ஆச்சு. இதுக்குப் போய்...

தட்டோன்தம்பி:
குறுக்க வர்றேன். ஜப்பான் போக ஃபண்டமென்டல் ஐடி இன்ஜினியர் தேர்வு இங்கயும் எழுதறாங்களே, அதுக்கு சி வேணும்னு எங்க சார் சொன்னார்.

மோல்மேன்காரன்:
பாத்தீங்களா!

ரங்கூன்அக்கா:
அது பழைய கதை. ஜப்பான்ல 2023 ஏப்ரல்ல இருந்து சி, ஜாவா, பைதான்னு தேர்ந்தெடுக்கற கேள்வியையே எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் பொதுவான போலி நிரல்தான், எந்த மொழியும் சாராம படிகளை மட்டும் எழுதறது. அந்தக் கேள்விக்கு அல்காரிதம், அதாவது கணக்கைத் தீர்க்கற படிமுறை, தெரிஞ்சா போதும்.
பெகுபையா, வாடிக்கையாளர் பேரெல்லாம் எந்த எழுத்துல?

பெகுபையன்:
பாதி பர்மியம், பாதி தமிழ். பழைய லிஸ்ட் ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கு, ஜாஜி எழுத்துருவாம்.

ரங்கூன்அக்கா:
ஜாஜி பழைய பர்மிய எழுத்துரு, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு ஒத்துவராது. முதல்ல அதை யூனிகோடுக்கு மாத்து. 2019 அக்டோபர் 1-ல மியான்மர் நாடே அதிகாரபூர்வமா மாறியாச்சு. ரெண்டும் கலந்து கிடந்தா எந்த மொழியில தேடினாலும் பேர் கிடைக்காது.
அண்ணே, ‘அம்மா’ன்னு யூடிஎஃப்-8ல, அதாவது யூனிகோடைச் சேமிக்கற முறையில, எழுதி, நீளம் சொல்ற எஸ்டிஆர்லென் கட்டளையைக் கேட்டா சி 15-னு சொல்லும், அது எண்றது சேமிப்பு அளவான பைட்டை. பைதான் 3 எண்றது யூனிகோடு குறிகளை, அது சொல்றது 5.

மோல்மேன்காரன்:
எங்க ஆத்தாவைக் கேட்டா 3-ன்னு சொல்லுவாங்க. பைதானும் தப்புத்தானே?

ரங்கூன்அக்கா:
தப்புத்தான். ஆனா பேரைத் தேடவும் ஒப்பிடவும் அந்த 5 போதும். பைட்டோட மல்லுக்கட்டற வேலை பையனுக்கு இல்ல.

பெகுபையன்:
பைதான் இறக்கிட்டேன். ஃபைல்ல ஒரு கடன் எழுதறப்பவே கரண்ட் போனா, அந்த வரி நிக்குமா?

மோல்மேன்காரன்:
இப்பத்தான் கேள்வி கேக்கறே! எழுதினது உடனே டிஸ்குக்குப் போகாது தம்பி, இடையில பஃபர்ங்கற தற்காலிக நினைவகத்துல உக்காந்திருக்கும். அந்த நேரம் பேட்டரியும் செத்தா வரி போச்சு. இதெல்லாம் சி படிச்சாத்தான்...

ரங்கூன்அக்கா:
வெறும் ஃபைல் வேணாம், எஸ்க்யூலைட்ங்கற சின்னத் தரவுத்தளம் வச்சுக்கோ. பைதானோடயே வருது. கமிட், அதாவது நிரந்தரமாப் பதியற கட்டளை, முடிஞ்ச கணக்கு கரண்ட் போனாலும் நிக்கணும்னே கட்டினது.

மோல்மேன்காரன்:
சரி, பைதான்லயே எழுது, யார் தடுத்தா. ஆனா ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியா கமிட் போடு. கடை மூடறப்ப ஒரேடியாப் போட்டுக்கலாம்னு விட்டா, நடுவுல கரண்ட் போற அன்னைக்கு அதுவரைக்கும் தட்டினது மொத்தமும் காலி. மாமாவோட பேப்பர் நோட்டையும் இப்போதைக்குத் தூக்கிப் போடாதே.