பெண்டியம் 4-க்கு பழைய ஐடிஇ டிஸ்க் வாங்கலாமா?

மண்டிக்காரன்:
காவேரிப்பட்டணத்துல எங்கப்பாவோட மாங்கா மண்டி கணக்கு பூரா ஒரு பழைய பெண்டியம் 4 கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க, விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிபி ஐடிஇ டிஸ்க் (பட்டையான கேபிள்ல மாட்டற பழைய வகை). ரெண்டு நாளா டிக் டிக்னு சத்தம். தர்மபுரியில ஒரு கடையில பழைய 80 ஜிபி 700 ரூபாங்கறாங்க. வாங்கிடட்டா?

பாலக்கோடு சர்வீஸ்:
மொதல்ல மிஷின ஆஃப் பண்ணுங்க. சத்தம் வர்ற டிஸ்க்க ஓட்ட ஓட்ட இருக்கறதும் போயிடும். யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல மாட்டி வேற சிஸ்டத்துல கணக்க காப்பி எடுங்க, அப்புறம்தான் மத்தது. பழசு வேணவே வேணாம், ஐடிஇ டிஸ்க் தயாரிக்கறத நிறுத்தி பல வருஷம் ஆச்சு, கெடைக்கறதெல்லாம் வயசானது. புது 120 ஜிபி எஸ்எஸ்டி (உள்ள சுத்தற தட்டு இல்லாத டிஸ்க்) ஒண்ணு, அத பழைய கேபிள்ல மாட்ட ஐடிஇ-சாட்டா கன்வெர்ட்டர் ஒண்ணு போடுங்க. அதுக்கு மேல போகாதீங்க, அந்த காலத்து பயாஸ் (ஆன் பண்ணதும் டிஸ்க்க கண்டுபிடிக்கற போர்டு புரோகிராம்) பலதுக்கு 137 ஜிபி-க்கு மேல தெரியாது.

அரூர்க்காரன்:
ண்ணா, கன்வெர்ட்டர் வெச்சு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரே கேபிள்ல ரெண்டு டிரைவ் இருந்தா எது மொதல் (மாஸ்டர்), எது ரெண்டாவது (ஸ்லேவ்)னு சொல்ற குட்டி மூடிதான் ஜம்பர். அத மாஸ்டர்ல வெச்சா சிடி டிரைவ் காணோம், ஸ்லேவ்ல வெச்சா பூட் ஆகல, ஒரு ஞாயித்துக்கெழம பூரா போச்சு. எக்ஸ்பி-ல ட்ரிம்மும் (அழிச்ச எடம் எதுன்னு எஸ்எஸ்டி-க்கு சொல்ற வசதி) கெடையாது. செக் பண்ணி வாங்குனா பழசு தப்பே இல்ல, நான் வாங்குனது நாலு வருஷமா ஓடுது.

பாலக்கோடு சர்வீஸ்:
சிடி டிரைவ செகண்டரி கேபிளுக்கு மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்ப்பா. ட்ரிம் இல்லாட்டி என்ன, மண்டி கணக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ எழுதப்போகுது? எங்கிட்ட வர்ற பழைய டிஸ்க்ல நெறைய கேமரா டிவிஆர்ல இருந்து கழட்டுனது, ராவும் பகலும் ஓடுனது. வருஷத்துக்கு 8760 மணி நேரம், கணக்கு போட்டு பாரு.

அரூர்க்காரன்:
அதுக்குத்தான் டிஸ்க் நெலமைய காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு பாக்க சொல்றேன். அதுல 05, சி5, சி6-ங்கற மூணு வரி கெட்டுப்போன செக்டர் (டிஸ்க்ல தகவல் வெக்கற சின்ன எடம்) எத்தனன்னு காட்டும், மூணும் சைபரா இருக்கணும், ஓடுன மணி கம்மியா இருக்கணும்.

மண்டிக்காரன்:
இன்னிக்கி போய் பாத்தேங்க. 31 ஆயிரம் மணி, 05 சைபர், சி5-ல கடைசியா 10-னு இருக்கு, மேல எச்சரிக்கை மஞ்சள். ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்கு, ஓரத்துல ஸ்டிக்கர் கிழிச்ச தடம். "பத்துதானே தம்பி, ஃபார்மட் போட்டா போயிடும்"ங்கறாரு.

அரூர்க்காரன்:
அது பத்து இல்லீங்க! அந்த எண்ண ஹெக்ஸ்ல (பத்துக்கு பதிலா பதினாறு பதினாறா எண்ற முறை) காட்டும், 10-னா 16. பதினாறு செக்டர் படிக்க முடியாம நிக்குது. ஃபுல் ஃபார்மட் போட்டா சிலது சரியாகலாம், ஆனா கணக்கு வெக்கற டிஸ்க்ல அந்த ரிஸ்க் எடுக்காதீங்க. இத விடுங்க, பெங்களூர்ல கம்ப்யூட்டர் சாமான் விக்கற எஸ்பி ரோட்ல தேடுனா நல்லது கெடைக்கும்.

பாலக்கோடு சர்வீஸ்:
700 ரூபா டிஸ்க்குக்கு பெங்களூர் வரைக்கும் பஸ்ஸா? சீசன் நேரத்துல அவங்கப்பா கணக்கு இல்லாம எத்தன நாள் உக்காந்திருப்பாரு?

மண்டிக்காரன்:
ண்ணா சொன்ன மாதிரி காப்பி எடுத்துட்டேங்க. போன ஆனி மாச வரவு ஃபைல் மட்டும் தெறக்கல, நல்லவேளை அப்பா நோட்டுல எழுதி வெச்சிருக்காரு, ராத்திரி உக்காந்து ஏத்தணும். எஸ்எஸ்டி-யே போட்டுக்கறேன். கன்வெர்ட்டர்ல ஜம்பர் எதுல வெக்கணும்னு மட்டும் சொல்லுங்க.