‘மிஸ்டர் பேட் கை’: புதுச்சேரி, கடலூர் பக்கம் கேட்டவர்கள் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை_சைக்கிள்:
இங்கிலாந்து ராக் இசைக்குழு குயீனில் இருந்துகொண்டே அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தனியாகப் போட்ட முதல் ஆல்பம், 1985. மேற்கொண்டு அறிமுகம் இங்கே யாருக்கும் தேவைப்படாது. என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு.

காந்தி வீதி சண்டே மார்க்கெட். பெல்ட் விற்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் தார்ப்பாய் விரித்து எல்பி தட்டுகளைக் குவித்திருந்தார். யாரோ சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம். முக்கால்வாசி பிரெஞ்சுப் பாட்டு. அதற்கு நடுவே கறுப்புக் கண்ணாடியோடு ஃப்ரெடி! உள்ளுறையை உருவிப் படித்தேன். குயீனின் மற்ற மூவர் பிரையன், ரோஜர், ஜானுக்கு ‘தலையிடாமல் இருந்ததற்கு’ நன்றி சொல்லியிருக்கிறார். சமர்ப்பணம் அவருடைய பூனை ஜெர்ரிக்கு. சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தம்பி, பார்த்துட்டுத் தர்றேன்” என்று ஒரு பெரியவர் கை நீட்டினார். வேட்டி, கையில் கீரைக்கட்டு இருந்த பை. கொடுத்தேன். தட்டை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். பாட்டுதான், தாளம்கூடத் தலையில் தெரிந்தது. பேரமே பேசாமல் பணத்தைக் கொடுத்தார், கீரைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு போய்விட்டார். தட்டு போனதுகூடப் பரவாயில்லை. அவர் பாடியது எந்தப் பாட்டு?

கூத்தப்பாக்கம்_90:
எல்பி எல்லாம் உங்கள் ஊர்க்காரர்களுக்கு. எங்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் ரெக்கார்டிங் சென்டர்தான். பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் டிடிகே 90 கேசட் ஒன்று வாங்கித் தந்தால் ஒரு பக்கம் முழு ஆல்பம் அடங்கிவிடும், நாற்பத்தொரு நிமிடம்தானே. மறுபக்கம் இளையராஜா. அது வீட்டில் திட்டு வாங்காமல் இருக்க.

‘லிவிங் ஆன் மை ஓன்’ நடுவில் வார்த்தையே இல்லாமல் குரலை வைத்து விளையாடுவாரே, அந்த இடம் வந்ததும் கடை அண்ணன் பதறிப்போய், “டேப் சிக்கிடுச்சுடா!” என்று டெக்கை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். டேப்புக்கு ஒன்றும் இல்லை. “இப்படியுமா பாடுவான் ஒருத்தன்?” என்று என்னை முறைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி போட்டார். கேசட்டில் அங்கே ஒரு ‘டக்’. ஃப்ரெடி 1991 நவம்பரில் இறந்து, 93-இல் அதே பாட்டின் ரீமிக்ஸ் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்ததே, அதில் ‘டக்’ இல்லை. போனில் கேட்டாலும் இல்லை. எனக்கு அந்த இடத்தில் பாட்டு முழுசாக வருவதே பிடிக்கவில்லை.

லாஸ்பேட்டை_கிட்டார்:
ஆளாளுக்குக் கொண்டாடுகிறீர்கள். ஆல்பம் சுமார்தான், சொன்னால் கோபம் வரும். ‘மேட் இன் ஹெவன்’, ‘ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ’ இரண்டையும் 1995-இல் அவர் குரலை வைத்துக்கொண்டு மற்ற மூவரும் புதிதாக வாசித்தார்களே, அதைக் கேளுங்கள். பிரையன் மே கிட்டார் உள்ளே வந்ததும்தான் அந்தப் பாட்டுகளுக்கு எலும்பே வருகிறது.

அனுபவம் கேட்டீர்கள், சரி. ஜூன் 21 ஃபெத் த லா மியூசிக், தெருவில் பாடும் பிரெஞ்சு இசைத் திருநாள். பீச் ரோடு பக்கத்தில் எங்கள் பேண்ட். ‘பார்ன் டு லவ் யூ’ 95 மாதிரியே வாசித்தோம், நல்ல கைதட்டல். முன்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண், “அண்ணா, பழசு மாதிரி ஒருவாட்டி, கிட்டார் இல்லாம?” என்றாள். கீபோர்டுக்காரன் என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது வரியிலிருந்து மொத்தக் கூட்டமும் பாடுகிறது. நான் கிட்டாரை மாட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சுருதி சரிபார்ப்பது போல நின்றேன். பாட்டு முடிகிற வரைக்கும் சுருதி பார்த்தேன். இன்னும் எரிகிறது.

அதற்காக ஆல்பம் நல்ல ஆல்பம் ஆகிவிடாது.

கூத்தப்பாக்கம்_90:
உங்களைக் கூட்டம் கேட்கவில்லை என்றால் அதற்கு ஆல்பம் என்ன செய்யும்? அதோடு, குயீன் இருந்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும் என்பதும் சரியில்லை. 1982 ‘ஹாட் ஸ்பேஸ்’ ஆல்பம் யார் போட்டது? குயீன்தான். அதிலும் இதே மியூனிக் மியூசிக்லேண்ட் ஸ்டுடியோ, இதே தயாரிப்பாளர் மேக். டான்ஸ் பீட்டை அங்கேயே பிடித்துவிட்டார்கள். தனியாக வந்ததும் ஃப்ரெடி அதை யாரையும் கேட்காமல் செய்தார், அவ்வளவுதான். டைட்டில் பாட்டில் அத்தனை பெரிய ஆர்கெஸ்ட்ராவை இறக்கியிருக்கிறாரே, அதில் எலும்பு இல்லையா?

சில்வர்பீச்_டெக்:
என்னிடமும் கேசட் இருந்தது. 2011 டிசம்பர் 30, ‘தானே’ புயலில் ஓடு பறந்து அலமாரி நனைந்தது. காயவைத்துப் போட்டேன், முதல் பாட்டு பாதியில் ஃப்ரெடி தண்ணீருக்குள்ளிருந்து பாடினார்.

கூத்தப்பாக்கம் நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் டிடிகே இன்னும் இருந்தால் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுற்றைப் பாருங்கள், நம் கடற்காற்றுக்கு ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதோடு ஓட்டினால் பூஞ்சை, டெக்கில் டேப் உரசிப் போகும் ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அதனால் நல்ல டெக்கில் போடவே கூடாது, போனாலும் கவலையில்லாத பழைய செட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும், தேங்காய் எண்ணெய் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அடுத்து, டேப்புக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு இருக்கும், அது விழுந்திருந்தால் சத்தம் மங்கிவிடும். கேசட் திருகு போட்டதா, ஒட்டியதா என்று பாருங்கள். திருகு என்றால் ஐந்தையும் கழற்றிச் சுருளை மட்டும் வேறு கூட்டுக்கு மாற்றலாம், ஒட்டியது என்றால் விளிம்பில் கத்தியைக் கொடுத்து மெதுவாகப் பிளக்க வேண்டும். சுருளை மாற்றியபின் ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டி, முழுவதும் பின்னே ஓட்டிவிட்டு, முதல் தடவை கேட்கும்போதே கம்ப்யூட்டரில் பதிந்துவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். பீரோவில் துணியோடு வைக்காதீர்கள்.

கூத்தப்பாக்கம்_90:
அண்ணே, கேசட் தங்கச்சி வீட்டில் இருக்கிறது. ஆனால் அவள் அந்தப் பக்கம் போடுவதே இல்லை, இளையராஜா பக்கம்தான்.

முத்தியால்பேட்டை_சைக்கிள்:
பூஞ்சை இருக்கட்டும். அந்தப் பெரியவர் பாடியதில் தாளம் கொஞ்சம் இழுத்த மாதிரி, ஜமைக்கா ரெகே இசை போல இருந்தது. ‘மை லவ் இஸ் டேஞ்சரஸ்’ ஆக இருக்குமோ? அந்த வயசுக்கா?

லாஸ்பேட்டை_கிட்டார்:
அது வேகமாக மாறுவதற்கு முன்னால் வரும் பகுதியாக இருக்கும். ஆல்பத்தில் அந்தப் பாட்டு மட்டும் எனக்கும் பிடிக்கும், அதில் கிட்டார் இருக்கிறது.