கண்ணைப் பார்த்தவர் சிறுநீரைப் பற்றிக் கேட்டார்

செட்டியார் தெருக் கணக்கர்:

நகைக்கடையில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். சென்ற வருடம் பேரேட்டின் கோடுகள் நடுவில் வளையத் தொடங்கின. கண்ணாடிதான் பழசாகிவிட்டது என்று நினைத்து, புதுக்கண்ணாடிக்குக் காசையும் கொட்டினேன். கோடு நிமிரவில்லை.

கண் வைத்தியர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார். விழித்திரையில் இரத்தக் கசிவு இருக்கிறது, நடுப்பகுதி வீங்கியிருக்கிறது என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் கண்ணோடு நின்றிருப்பேன். அவரோ, "சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். கண்ணுக்கு வந்தவனிடம் இதென்ன கேள்வி என்று எனக்குச் சற்று எரிச்சல்தான்.

பார்த்ததே இல்லை. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தத்துக்கு ஒரு கிளினிக்குக்குப் போகிறேன். மாதந்தோறும் வெறும் வயிற்றில் சீனி அளவு எடுப்பார்கள், மாத்திரை தருவார்கள், கொப்பியில் எழுதுவார்கள். அவ்வளவுதான். சிறுநீரில் போகும் கழிவான கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய அல்புமின் எனக்கு 412. வலியில்லை, கால் வீக்கமில்லை, சிறுநீர் நிறமும் மாறவில்லை. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரைகளையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். அவையும் சிறுநீரகத்துக்குப் பகையாம்.

அவர் விளக்கியது இதுதான்: சீனியும் உயர் இரத்த அழுத்தமும் மெல்லிய இரத்தக்குழாய்களை அரிக்கும். விழித்திரையில் அந்தக் குழாய் கசிந்தால் பார்வை கெடும். சிறுநீரகத்தின் வடிகட்டியில் கெட்டால் புரதம் ஒழுகும். உடலைக் கீறாமல் அந்தக் குழாய்களை நேரே பார்க்கக்கூடிய இடம் கண்.

தெமட்டகொடை மகள்:

ஐயா, எங்கள் வீட்டில் கதை மறுபக்கமாக நடந்தது. அப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் நிறையப் போனது. சீனி வருத்தக்காரர்தானே, அதனால்தான் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். சிறுநீரக வைத்தியர் முதலில் கண்ணைக் காட்டி வரச் சொன்னார். கண் சுத்தம், ஒரு புள்ளிகூட இல்லை. நாங்கள் மகிழ்ந்தோம், வைத்தியர் யோசித்தார். சீனி வருத்தம் கண்டுபிடித்து நான்கு வருடம்தான், சிறுநீரில் சிவப்பணுக்களும் இருக்கின்றன, கண்ணிலோ ஒன்றுமில்லை. இது வேறு ஏதோ என்றார். ஊசியால் சிறுநீரகத் திசு எடுத்துப் பார்த்ததில் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரக வடிகட்டியில் படியும் நோய் என்று வந்தது. மருத்துவமே வேறு வழியில் போனது.

ஆனால் கண் சுத்தமாக இருந்தால் சிறுநீரகமும் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள் என்றும் அவர் சொன்னார். பெரும்பாலும் வயது வந்தபின் வரும் இரண்டாம் வகை நீரிழிவில் சிலருக்குக் கண் கெடாமலே சிறுநீரகம் கெடுமாம். முதலாம் வகையில் அப்படி நடப்பது மிக அரிது.

பம்பலப்பிட்டி வாசி:

என் அனுபவம் வேடிக்கையானது. கண்ணைப் படம் எடுக்கக் கையில் மஞ்சள் சாயத்தை ஏற்றினார்கள். இரவு சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனதும் சிறுநீரகம் போய்விட்டது என்று மனைவியை எழுப்பி அழுதேன். அந்தச் சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், ஓரிரு நாள் அப்படித்தான் இருக்கும் என்று தாதி ஏற்கெனவே சொன்னாராம். நான் கேட்கவில்லையாம்! கணக்கர் ஐயா, அந்த வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஊசி போட்டீர்களா? எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

செட்டியார் தெருக் கணக்கர்:

தம்பி, இரண்டு ஊசி முடிந்தது. மரத்துப்போகும் சொட்டு விடுவதால் ஓர் அழுத்தம் மட்டும் தெரியும். பிறகு ஒரு நாள் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன, போய்விட்டன. வலியோ மங்கலோ கூடினால் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும்போது துணைக்கு ஆள் வேண்டும். நான் வீரம் பேசித் தனியே வந்து, கொழும்பின் காலி வீதி வெயிலில் பஸ் இலக்கம் தெரியாமல் நின்றேன்.

மகளே, உங்கள் அப்பாவின் கதையை என் வைத்தியரிடம் சொன்னேன். எனக்குக் கண்ணும் கெட்டு, புரதமும் போவதால் சீனியின் வேலைதான் என்றார். லோசார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய பின் அல்புமின் 412 இலிருந்து 260 ஆகியிருக்கிறது. கண் கொப்பியைச் சீனிக் கிளினிக்கில் யாரும் கேட்பதில்லை. நானே மேசையில் விரித்து வைக்கிறேன். முதல் நாள் தாதி முறைத்தார். இப்போது அவரே "கண் கொப்பி எங்கே?" என்று கேட்கிறார்.