செமாபோர் கொடி: காட்டும்போது சரி, படிக்கும்போது தப்பு. ஏன்?

குற்றாலச்சாரல்:
மகள் ஏழாம் வகுப்பு, சாரணியர் படையில் இருக்கிறாள். தேர்வில் செமாபோர் உண்டு, அதாவது இரண்டு கையிலும் கொடி பிடித்து, கொடி நிற்கும் நிலையால் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் காட்டுவது. அதற்காக மூன்று வாரமாக பீரோ கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கொடியையும் வைத்துப் பழகுகிறாள். ஏ முதல் இஸட் வரை கடகடவென்று காட்டிவிடுவாள். ஆனால் நேற்று தோழி எதிரே நின்று காட்டியதைப் படிக்கச் சொன்னால் எம் எழுத்தை எஸ் என்கிறாள், ஓவை டபிள்யூ என்கிறாள். அழுதேவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு, ஏதாவது வழி சொல்லுங்கள்.

பழைய மாலுமி:
கண்ணாடிதான் காரணம் அம்மா, முதலில் அதை நிறுத்துங்கள். நாம் வலது கையைத் தூக்கினால் கண்ணாடியில் கொடி நம் வலப்பக்கமே தெரியும், ஆனால் எதிரே நிற்கிற ஆள் வலது கையைத் தூக்கினால் அது நமக்கு இடப்பக்கம், அதனால் பிள்ளை மூன்று வாரமாக இடம் வலம் மாறிய படத்தையே பார்த்து மனதில் ஏற்றியிருக்கிறாள். எம்மைத் திருப்பினால் எஸ், ஓவைத் திருப்பினால் டபிள்யூ. ஹெச்–இஸட், ஐ–எக்ஸ், கே–வி, கியூ–ஒய் எல்லாம் இதே ஜோடிதான். திருப்பினாலும் மாறாத எழுத்து டி, என், ஆர், யு நான்கு மட்டும்.

எதிரே நிற்பவரை கடிகாரமாக நினைக்கச் சொல்லுங்கள். கொடி கீழே தொங்குவது 6 மணி. அங்கிருந்து முள் சுற்றும் திசையில் 45 டிகிரிக்கு ஒரு படி: ஏழரைக்கு ஏ, 9க்கு பி, பத்தரைக்கு சி, 12க்கு டி, ஒன்றரைக்கு இ, 3க்கு எஃப், நாலரைக்கு ஜி. இதுவரை ஒரு கொடிதான் வேலை செய்யும். அப்புறம் ஒரு கொடி ஏ இடத்தில் நிற்க, மற்றது படிப்படியாக நகர்ந்தால் ஹெச், ஐ, கே, எல், எம், என். ஜே இந்த வரிசையில் வராது. பி இடத்தில் ஒன்றை நிறுத்தினால் ஓ முதல் எஸ் வரை. இந்தச் சுற்றுக்கணக்கு பிடிபட்டால் மிச்சம் தானாக வரும்.

படைத்தலைவர்:
ஐயா சொன்னது சரி. போனில் வீடியோ எடுத்துப் பார்க்கட்டும், ஆனால் பின் கேமராவில் எடுங்கள், செல்ஃபி கேமரா பல போன்களில் கண்ணாடி மாதிரியே திருப்பிக் காட்டும். இன்னொன்று, ஆள்காட்டி விரலை கம்பின் மேல் நீட்டிப் பிடித்து முழங்கையை மடக்காமல் வைத்தால் கொடி கையின் நீட்சி போல நேராக நிற்கும். பிள்ளைகள் தப்பாகப் படிப்பதில் பாதி, காட்டுகிறவர் கை தொங்கிப்போய் பி எழுத்து ஏ மாதிரி தெரிவதால்தான்.

லூப்லைன்:
நான் ரயில்வே. எங்கள் கை சைகைகளில் இந்தக் குழப்பமே வராது என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது. கொடி இல்லாத நேரத்தில் பகலில் வண்டியை நிறுத்த இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவோம், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். இரவில் சிவப்பு விளக்கு இல்லையென்றால் வெள்ளை விளக்கை உடம்புக்குக் குறுக்கே வேகமாக ஆட்டினாலும் நிறுத்து என்றே அர்த்தம். எழுத்து எழுத்தாகச் செய்தி அனுப்ப இது போதாது, ஆனால் ஓட்டுநர் ஒரு நொடியில் புரிந்துகொள்ள வேண்டியதற்கு இதுதான் சரி.

பழைய மாலுமி:
மாறாத எழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. வட்டத்துக்குள் மூன்று கோடு போட்ட சமாதானச் சின்னம் இருக்கிறதே, 1958இல் ஜெரால்ட் ஹோல்டம் வரைந்தது, அது செமாபோரின் என் (N), டி (D) எழுத்துகள்தான். அணு ஆயுத ஒழிப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். பிள்ளையிடம் காட்டுங்கள், அந்த இரண்டு எழுத்தும் ஆயுசுக்கும் மறக்காது.

குற்றாலச்சாரல்:
எல்லோருக்கும் நன்றி. சாயங்காலம் மொட்டைமாடியில் நான் கொடி பிடிக்க, அவள் கடிகாரக் கணக்கில் படித்தாள். பத்துச் சொல்லில் எட்டு சரி! எண்களுக்குத் தனி அடையாளமா?

படைத்தலைவர்:
தனியாக இல்லை. ஒரு கொடி 12 மணியிலும் மற்றது ஒன்றரையிலும் வைத்தால் 'இனி எண்' என்று அர்த்தம். அதன்பின் ஏ 1, பி 2, இப்படியே ஐ 9, கே பூஜ்யம். எண் முடிந்ததும் ஜே காட்டினால் மறுபடி எழுத்து.